பிறக்கும்போதே முழுசாக - கன்ஸ்ட்ரக்டர் வந்த கதை

நாலைந்து மாதமாக இந்தப் பக்கமே வரவில்லை. மார்ச் இயர் எண்டிங், அப்புறம் ஆடிட், அப்புறம் ஆடிட்டுக்குப் பதில் எழுதுவது என்று ஆபீசில் ஆணி அதிகம். இந்த வாரம் எழுத உட்கார வைத்தது என் மகள்.

இங்கே நாக்பூரிலேயே பொறியியல் முதல் வருஷம் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே தலை காட்ட முடியாத வெயில், கூலர் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"அப்பா, பி.காம். முடிச்சிட்டு சி பிளஸ் பிளஸ் படிச்சேன்னு சொல்வீங்களே. கன்ஸ்ட்ரக்டர்னா என்ன சொல்லுங்க பாப்போம்."

கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். "கிளாஸோட பேர்தான் அதுக்கும் பேர். ரிட்டர்ன் டைப் கிடையாது. ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானா கூப்பிடப்படும்."

"அதான் புக்லயே போட்டிருக்கே. ஏன் அப்படி வெச்சாங்க? யார் வெச்சாங்க?"

தங்கமணி பக்கத்திலிருந்து சிரிப்பை அடக்குவது தெரிந்தது. :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். 1999-ல் விருதுநகரில் ஒரு மாலைநேரக் கம்ப்யூட்டர் வகுப்பு. டர்போ சி பிளஸ் பிளஸ்ஸின் நீலத் திரை. ஒரு மெஷினுக்கு மூன்று பேர். சொல்லிக்கொடுத்தவர் இந்த மூன்று வரியைத்தான் எழுதிப் போட்டார், நாங்களும் எழுதிக்கொண்டோம். "ஏன்" என்று கேட்கிற தைரியம் ஒருவருக்கும் இல்லை. அந்த "ஏன்" எனக்கு ஓரளவு புரிந்தது பல வருஷம் கழித்து, வங்கிக் கவுண்டரில். அந்தக் கதையையும் கடைசியில் சொல்கிறேன். முதலில் மகள் கேட்ட கேள்விக்கு வருவோம்.

கணினி படிக்காதவர்களுக்காக என் பாஷையில் ஒரு சின்ன முன்னுரை. கிளாஸ் என்பது அச்சடித்த காலி லெட்ஜர் படிவம். பெயர், கணக்கு எண், இருப்பு, யார் கையெழுத்துப் போடலாம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஆப்ஜெக்ட் என்பது அந்தப் படிவத்தில் ஒருவருக்காகத் திறந்த ஒரு கணக்கு. கன்ஸ்ட்ரக்டர் என்பது கணக்குத் திறக்கும் நடைமுறை. பெயர் இல்லாமல், மாதிரிக் கையெழுத்து இல்லாமல், ஓபனிங் பேலன்ஸ் இல்லாமல் கணக்கு எண் கொடுக்காதே என்று சொல்லும் விதி. இந்த விதியை யாரும் "ஞாபகமாக" கடைப்பிடிக்க வேண்டியதில்லை. அதைத் தாண்டாமல் கணக்கே பிறக்காது. அவ்வளவுதான் சங்கதி.

இனி கதை நார்வேயில் தொடங்குகிறது.

கிறிஸ்டன் நைகார்ட் என்று ஒரு கணிதக்காரர். நார்வே ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. 1949-50 வாக்கில் அந்நாட்டின் முதல் அணு உலைக்கான கணக்குகளை மாண்டி கார்லோ முறையில், கையாலேயே போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர். பிறகு ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பக்கம் போனார். வரிசை, காத்திருப்பு, இயந்திரம், ஆள், சரக்கு இவையெல்லாம் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலை அது. 1960-ல் ஆஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்துக்கு வந்தார். ஓலே யோஹான் டால் 1963-ல் அங்கே வந்து சேர்ந்தார். நைகார்டுக்கு உலகம் எப்படி இயங்குகிறது என்பதில் ஆர்வம். டாலுக்கு மொழியைக் கட்டுவதில் கை. இருவரும் சேர்ந்து செய்த சிமுலா என்ற மொழி 1965 வாக்கில் யுனிவாக் 1107 கணினியில் ஓடத் தொடங்கியது.

அந்த முதல் சிமுலா, பெயரே சொல்வது போல, சிமுலேஷனுக்கான மொழி. அதை வைத்து எழுதும்போது அவர்களுக்கு ஒரு தொல்லை. பாலத்தில் ஒரு சுங்கச்சாவடி. வரிசையில் லாரியும் நிற்கிறது, பஸ்ஸும் நிற்கிறது. இரண்டும் வண்டிதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பொதுவானதை ஒருதரம் எழுதிவிட்டு, வித்தியாசத்தை மட்டும் தனியே எழுத முடியாதா? 1966-67 குளிர்காலத்தில் இதற்கு விடை கிடைத்தது. கிளாஸ், அதற்குக் கீழே துணைக் கிளாஸ். 1967 மே மாதம் ஆஸ்லோ அருகே லீசெபு என்ற இடத்தில் நடந்த மாநாட்டில் இதை வெளியில் வைத்தார்கள். அதுதான் சிமுலா 67. இன்று ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்று சொல்கிற குடும்பத்துக்கெல்லாம் மூத்த பாட்டி.

இந்தப் பாட்டி வீட்டில் கன்ஸ்ட்ரக்டர் என்ற பெயரே கிடையாது! ஆனால் விஷயம் இருந்தது. சிமுலாவில் ஒரு கிளாஸ் எழுதினால், அதற்குள் மாறிகளும் ஃபங்ஷன்களும் மட்டுமல்ல, நேரடியாகக் கட்டளைகளும் எழுதலாம். 'நியூ' என்று சொல்லி ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கினால் முதலில் இடம் ஒதுக்கப்படும், கொடுத்த மதிப்புகள் உள்ளே போகும், பிறகு அந்தக் கட்டளைகள் ஓடும். கிளாஸின் உடம்பே கன்ஸ்ட்ரக்டர். துணைக் கிளாஸ் என்றால் முதலில் தாய்க் கிளாஸின் கட்டளைகள், பிறகுதான் துணைக் கிளாஸினுடையவை. முதலில் வாடிக்கையாளர், பிறகு கணக்கு, பிறகு பிக்ஸட் டெபாசிட் என்று நாங்கள் போகிற வரிசைதான். ஒன்றும் எழுதாவிட்டாலும் எண் மாறிகள் பூஜ்யத்தில்தான் தொடங்கும்.

இது ஏதோ வசதிக்காகச் செய்தது போலத் தோன்றும். இதற்குள் ஒரு பெரிய கொள்கை இருக்கிறது என்று எடுத்துக் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி ஹோர். 1972-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், சிமுலாவின் கிளாஸ் அமைப்பை வைத்துக்கொண்டு, ஒரு நிரல் சரி என்று எப்படி நிரூபிப்பது என்று காட்டினார். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய ஒரு வாக்கியம் உண்டு. அதை இன்வேரியண்ட் என்பார்கள். பிறக்கும்போது அந்த வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வேலையும், தொடங்கும்போது அது உண்மை என்றால், முடியும்போதும் உண்மையாகவே விட்டுவிட்டுப் போக வேண்டும். இரண்டும் இருந்தால் அந்த வாக்கியம் என்றைக்கும் உண்மை.

காமர்ஸ் படித்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவீர்கள். பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமம் என்பதுதான் நம்முடைய இன்வேரியண்ட். ஓபனிங் பேலன்ஸ் சரி, ஒவ்வொரு என்ட்ரியிலும் இரண்டு பக்கமும் சரி, அதனால் டிரையல் பேலன்ஸ் சரி. ஓபனிங் பேலன்ஸே தப்பாக இருந்தால்? அதற்கப்புறம் எவ்வளவு ஒழுங்காக என்ட்ரி போட்டாலும் ராத்திரி பத்து மணி வரைக்கும் வித்தியாசம் தேடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என் அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். பியார்னே ஸ்ட்ரவ்ஸ்ட்ரப் டென்மார்க்கில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டத்துக்காக ஒரு சிமுலேட்டரைச் சிமுலாவில் எழுதினார். எழுதுவதற்குச் சுகமாக இருந்தது. ஓட்டினால் நகரவே இல்லை. கடைசியில் பிசிபிஎல் என்ற மிக அடிமட்ட மொழியில் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. ஓடியது, ஆனால் எழுதுவது நரகம். 1979-ல் நியூஜெர்சியில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்ததும், சிமுலாவின் ஒழுங்கும் சி மொழியின் வேகமும் ஒன்றாகக் கிடைக்காதா என்று தேடத் தொடங்கினார். அதே வருஷம் "சி வித் கிளாசஸ்" பிறந்தது.

சி மொழியில் அப்போது (இப்போதும்தான்) ஒரு ஆபத்து உண்டு. ஒரு ஃபங்ஷனுக்குள் மாறி ஒன்றை அறிவித்துவிட்டு மதிப்புக் கொடுக்காமல் விட்டால், அந்த இடத்தில் அதற்கு முன்னால் யார் என்ன எழுதிவிட்டுப் போனார்களோ அதுதான் கிடக்கும். வேறொருவருடைய கணக்கு எழுதியிருந்த லெட்ஜர் தாளை அழிக்காமல் புது வாடிக்கையாளருக்குக் கொடுத்த மாதிரி. இருப்பு 7 ரூபாயா, 7 கோடியா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இதைத் தவிர்க்க நிரலர்கள் "இனிட்" என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, உருவாக்கியதும் அதைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். பழக்கம்தானே? ஒருநாள் மறக்கும். ஒருநாள் இரண்டு தரம் கூப்பிட்டுவிடுவார்கள். இரண்டுமே தப்பு.

ஸ்ட்ரவ்ஸ்ட்ரப் இதை மனிதனின் ஞாபகசக்தியிடமிருந்து பிடுங்கி கம்பைலரிடம் கொடுத்தார். "சி வித் கிளாசஸ்" மொழியில் ஒரு கிளாஸுக்குள் 'நியூ' என்ற பெயரில் ஃபங்ஷன் எழுதினால், ஆப்ஜெக்ட் உருவாகிற ஒவ்வொரு இடத்திலும் கம்பைலரே அதைக் கூப்பிடும். 'டெலீட்' என்று எழுதினால் ஆப்ஜெக்ட் முடியும்போது அதைக் கூப்பிடும். கணக்குத் திறப்பதற்கு ஒன்று, முடிப்பதற்கு ஒன்று. ஆரம்பத்தில் இன்னும் இரண்டு கூட இருந்தன: 'கால்', 'ரிட்டர்ன்' என்று. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முன்னாலும் பின்னாலும் தானாக ஓடுகிற ஜோடி அது. அந்த ஜோடி நிலைக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். திறப்பும் முடிப்பும் மட்டும் நிலைத்தன.

1983-ல் மொழிக்குச் சி பிளஸ் பிளஸ் என்று பெயர் வந்தது. ரிக் மாஸ்கிட்டி என்பவர் சூட்டிய பெயர். 1985 அக்டோபரில் வணிக ரீதியாக வெளிவந்தது. இதற்கிடையில் 'நியூ' ஃபங்ஷனுக்கும் புதுப்பெயர்: கன்ஸ்ட்ரக்டர். 'நியூ' என்ற சொல் நினைவகம் ஒதுக்கும் வேலைக்குப் போய்விட்டது, கன்ஸ்ட்ரக்டருக்குக் கிளாஸின் பெயரே வந்தது. விருதுநகரில் நான் எழுதிக்கொண்ட முதல் வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

இரண்டாவது வரி, ரிட்டர்ன் டைப் கிடையாது. அதன் வேலை ஒரு விடையைத் திருப்பித் தருவது அல்ல. அது முடிந்தால் கையில் இருப்பது ஆப்ஜெக்ட்தான். ஆனால் இதனால் ஒரு சிக்கலும் வந்தது. திறக்கும்போதே ஏதாவது தவறினால் எப்படிச் சொல்வது? "முடியவில்லை" என்று திருப்பித் தர வழி இல்லையே. எக்ஸெப்ஷன் என்ற வசதி 1990-ஐ ஒட்டிச் சி பிளஸ் பிளஸ்ஸுக்குள் வந்ததும்தான் இதற்கு ஒழுங்கான விடை கிடைத்தது. கன்ஸ்ட்ரக்டர் பாதியில் தோற்றால் ஆப்ஜெக்டே பிறக்கவில்லை என்று அர்த்தம். பாதி பிறந்த ஆப்ஜெக்டை யாரும் கையில் வாங்க முடியாது.

இதே காலத்தில் மற்ற வீடுகளிலும் இதே பிரச்சினைக்கு வேறு வேறு சமையல். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடெல் கோல்ட்பர்க் குழு செய்த ஸ்மால்டாக்கில் 'நியூ' என்பது கிளாஸுக்கு அனுப்பும் இன்னொரு செய்தி மட்டுமே. சிறப்பு விதி ஒன்றும் இல்லை. மதிப்புக் கொடுக்காத இடமெல்லாம் 'நில்' என்று இருக்கும். 1989-ல் வந்த டர்போ பாஸ்கல் 5.5-ல் கன்ஸ்ட்ரக்டர் என்ற சொல்லே மொழியின் ஒதுக்கப்பட்ட சொல். பைத்தானில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட 'இனிட்'. 1995-ல் சன் நிறுவனத்திலிருந்து ஜேம்ஸ் காஸ்லிங் குழுவின் ஜாவா வந்தது. சி பிளஸ் பிளஸ் போலவே கிளாஸ் பெயரில் கன்ஸ்ட்ரக்டர், ஆனால் ஆப்ஜெக்டுக்குள் உள்ள புலங்களில் குப்பை கிடக்காது. எண் என்றால் 0. வேறு ஆப்ஜெக்டைக் காட்டுவது என்றால் 'நல்'.

இந்த 'நல்' மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. 1965-ல் ஆல்கால் டபிள்யூ மொழியில் இதைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அதே டோனி ஹோர். 2009-ல் லண்டனில் ஒரு கூட்டத்தில் பேசியபோது, அது தன்னுடைய பில்லியன் டாலர் தவறு என்று அவரே சொன்னார். குப்பை கிடப்பதைவிட 'நல்' கிடப்பது நல்லதுதான். ஆனால் 'நல்' என்றால் என்ன? இல்லை என்பதா, தெரியாது என்பதா, எழுத மறந்துவிட்டார்கள் என்பதா? மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இங்கேதான் என் கவுண்டர் கதை.

2012 என்று நினைவு. விதர்பாவில் ஒரு சின்ன ஊர்க் கிளை. கிளையைக் கோர் பேங்கிங்குக்கு மாற்றி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஆஜி வந்தார். கணவர் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து ஒரு மாதம். கணக்கு அவர் பெயரில் மட்டும். ஒரு லட்சத்துச் சொச்சம் இருந்தது. நான் திரையைப் பார்த்தேன். நாமினி என்ற இடம் காலி.

"நாமினி போடலையே ஆஜி. வாரிசு ஆவணம் எல்லாம் வேணும்" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியில்.

"போட்டாரே சாஹேப். என் பேரை எழுதினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்."

"கம்ப்யூட்டர்ல இல்லையே ஆஜி."

இந்த வாக்கியத்தை நான் அந்த அம்மாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஐந்து மாதம் அலைந்தார். அபிடவிட், சாட்சி, வெளியூரில் இருக்கும் மகனின் கையெழுத்து. ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் பதினாறு கிலோமீட்டர் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வரிசையில் உட்காருவார். கடைசியில் ஒரு சனிக்கிழமை, மனசு கேட்காமல், நானும் ஒரு பியூனும் ரெக்கார்டு ரூமில் பழைய கட்டுகளைப் பிரித்தோம். மூன்றாவது கட்டில் கிடைத்தது. 1993-ல் எழுதிய டிஏ 1 படிவம். நீல மையில், தெளிவான வாத்தியார் கையெழுத்தில் ஆஜியின் பெயர்.

கவுண்டரில் திறந்திருந்தால் அந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு கேள்வியாவது வந்திருக்கும்: நாமினி வேண்டுமா, வேண்டாமா, ஏதாவது ஒன்றைச் சொல். ஆனால் அந்தக் கணக்கு புது அமைப்பில் முன்வாசல் வழியாகப் பிறக்கவில்லை. பழைய லெட்ஜரிலிருந்து மொத்தமாக ஏற்றியபோது பின்வாசல் வழியாக வந்தது. ஏற்றிய நிரல் காலி இடத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. "எழுத மறந்தது" என்பது திரையில் "இல்லை" என்று ஆகிவிட்டது. அந்த "இல்லை"யை நான் நம்பினேன், ஆஜியை நம்பவில்லை.

பின்வாசல் எங்கள் வங்கியில் மட்டும் இல்லை. ஜாவாவிலும் உண்டு. 1997-ல் வந்த ஜாவா 1.1-ல் சீரியலைசேஷன் என்ற வசதி சேர்ந்தது. ஆப்ஜெக்டை அப்படியே பைட்டுகளாக எழுதி வைத்துவிட்டு, பிறகு எழுப்பிக்கொள்ளலாம். அப்படி எழுப்பும்போது அந்தக் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ஓடவே ஓடாது! வாசலில் எத்தனை காவல் போட்டிருந்தாலும், இந்த வழியில் வருகிறவனை யாரும் கேட்கமாட்டார்கள். இதனால் வந்த பாதுகாப்பு ஓட்டைகள் பல. 2021-ல் ஜாவா 16-ல் 'ரெக்கார்ட்' நிரந்தரமாகச் சேர்ந்தபோது, ரெக்கார்டை எழுப்பினாலும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகத்தான் வரவேண்டும் என்று விதி வைத்தார்கள். 24 வருஷம் ஆயிற்று.

புதிய மொழிகள் கன்ஸ்ட்ரக்டரையே தூக்கிப் போட்டுவிட்டன என்று மகள் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். பாதி உண்மை. 2009-ல் வெளிவந்த கோ மொழியில் கன்ஸ்ட்ரக்டர் என்று தனியாக இல்லை. எல்லாம் பூஜ்ய மதிப்பில் தொடங்கும், அந்தப் பூஜ்யமே பயன்படும்படி உன் வகையை வடிவமை என்கிறார்கள். 2015-ல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்டிலும் தனிக் கன்ஸ்ட்ரக்டர் இல்லை. ஆனால் ஒரு புலத்தை விட்டுவிட்டு ஆப்ஜெக்டை உருவாக்கப் பார்த்தால் கம்பைல் ஆகாது. பெயர் போனாலும் டாலும் நைகார்டும் கேட்ட கேள்வி போகவில்லை. சி பிளஸ் பிளஸ்ஸே 2024-ல்தான், மதிப்புக் கொடுக்காத உள்மாறியைப் படித்தால் எதுவும் நடக்கலாம் என்ற பழைய நிலையை மாற்ற, அடுத்த தரத்துக்கான ஒரு திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

டாலுக்கும் நைகார்டுக்கும் 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. 2002 ஜூனில் டால் போனார், ஆகஸ்டில் நைகார்ட். சுங்கச்சாவடி வரிசையில் நிற்கிற லாரியைப் பற்றி யோசித்தவர்கள்.

மகளிடம் இவ்வளவும் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ எந்தப் புலம் கட்டாயம்னு யார் முடிவு பண்றது?" என்று கேட்டாள். "கிளாஸ் எழுதுறவங்கதான்" என்றேன். "அப்போ அவங்களுக்கு அந்த ஆஜியைத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள். தங்கமணி இந்த முறை சிரிக்கவில்லை.

ஆஜிக்குப் பணம் கிடைத்தது. அடுத்த தீபாவளிக்கு ஒரு டப்பா நிறைய சக்லி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொள்ளக் கூசியது, ஆனால் வாங்கிக்கொண்டேன்.

டிஸ்கி: இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாஸ்புக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நாமினேஷன் பதிவானதற்கான குறிப்பு அதில் இருக்கிறதா? இல்லையென்றால் "அப்பவே எழுதிக் கொடுத்தாச்சே" என்று விட்டுவிடாதீர்கள். கிளைக்குப் போய்க் கேட்டு, திரையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.